சுரங்கக் குழிக்குக் கழிவிலிருந்து சிமெண்ட்: முதல் கலவை போடப்போகும் தம்பி தங்கைகளுக்கு

சிங்கப்பூரில் சுரங்கம் ஏது என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உபின் தீவில் கருங்கல் வெட்டிய கடைசிக் குவாரியும் 1999இல் மூடியாயிற்று. ஆனால் துவாஸில் இருக்கும் எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இந்தோனீசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த சேற்று வாளிகள் வரிசையாக நிற்கும். அந்தச் சேற்றைக் கல்லாக்க வேண்டும். அதற்கான பிணைப்பானை, மற்ற தொழிற்சாலைகள் வேண்டாம் என்று தள்ளிய கசடையும் சாம்பலையும் கொண்டு செய்வதுதான் நம் வேலை. ஊரில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு வருபவர்களுக்கும் இங்கே பாலிடெக்னிக் படித்தவர்களுக்கும் கான்கிரீட் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இந்த வேலை கான்கிரீட்டுக்குப் பக்கத்து வீடு, பழக்கவழக்கம் வேறு. 16 ஆண்டுகளாகப் புதியவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

எதற்காக நிரப்புகிறோம்

தங்கச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம். மீதி முழுவதும் அரைத்த மாவாகத் தண்ணீரோடு கலந்து ஆலையை விட்டு வெளியேறுகிறது. தொழிலில் இதை டெய்லிங்ஸ் என்பார்கள். கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சுவதுபோல இதுவும் சக்கைதான், ஆகவே சக்கை என்றே சொல்கிறேன். கோலார் தங்கவயலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுரங்கம் 2001இல் மூடிய பிறகும் அங்கே சயனைடு மேடுகள் குன்றுகளாக நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியிலிருந்து மேலே அனுப்பிய பாறையின் சக்கை அது.

சக்கையை வெளியே அணை கட்டித் தேக்கினால், அணை உடைந்தால் ஊர் போய்விடும். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் அப்படி உடைந்த அணை 270 பேரின் உயிரைக் குடித்தது. உள்ளேயோ, தாதுவை எடுத்த இடம் வெற்றுக் குகையாக நிற்கிறது. விட்டுவைத்தால் பாறை சரியும். சக்கையைப் பிணைப்பானோடு கெட்டியாகக் குழைத்துக் குழாய் வழியே அந்தக் குகைக்குள் இறக்கினால் இரண்டு தொல்லையும் ஒருசேரக் குறைகிறது. ஜெர்மனியின் பாட் குருண்ட் சுரங்கத்தில் 1970களின் இறுதியில் தொடங்கிய பேஸ்ட் நிரப்பல் முறை இதுதான். எல்லாச் சக்கையும் உள்ளே போய்விடாது. உடைத்து அரைத்த பாறை பருத்துவிடுவதால் ஏறத்தாழ பாதிக்குத்தான் இடம் இருக்கும்.

வலிமையைப் பொறுத்தவரை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தூணை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே 30 மெகாபாஸ்கலுக்கு மேல் கேட்பார்கள். இங்கே பக்கத்துப் பாறையை வெட்டும்போது நிரப்பல் தானாக நின்றால் போதும், 0.7 முதல் 1.5 மெகாபாஸ்கல் வரை அதற்குக் கேட்பார்கள். நிரப்பலுக்கு அடியில் ஆட்கள் நின்று வேலை செய்யவேண்டும் என்றால் 4, 5 வரை போகும். குலுங்கினால் மறுபடி சேறாக இளகிவிடாமல் இருக்கக் குறைந்தது 0.15 வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. யாராவது உங்களிடம் கலவை கேட்டால், முதலில் இந்த மூன்றில் எது வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வராமல் தராசைத் தொடாதீர்கள்.

ஏன் கழிவு

20 மீட்டர் நீளம், 20 அகலம், 40 உயரம் உள்ள ஒரு குடைவை எடுத்துக்கொள்ளுங்கள். 16,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பேஸ்டில் உலர்ந்த பொருள் சுமார் 1.45 டன் இருக்கும், ஆகமொத்தம் 23,200 டன். அதில் 5 விழுக்காடு பிணைப்பான் என்றால் 1,160 டன். ஒரே ஒரு குழிக்கு! நிரப்பும் செலவில் மிகப் பெரிய பங்கு பிணைப்பானுக்கே போகிறது. சிமெண்டில் ஒவ்வொரு டன்னும் செய்யும்போதே ஏறத்தாழ 0.8 டன் கரியமில வாயுவை வெளியேற்றியிருக்கும். ஐந்தில் நான்கு பங்கு உலைக்கசடாக மாற்றினால் அந்தக் குழிக்கு 928 டன் சிமெண்ட் மிச்சம். யாரும் குடியிருக்கப்போகாத ஒரு குழிக்குள் அத்தனை சிமெண்டைக் கொட்டுவது எனக்கு இன்றைக்கும் மனம் ஒப்பாத செயல்.

முதல் படி: சக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் எல்லாரும் பிணைப்பானிலிருந்து தொடங்குகிறார்கள். தவறு. வாளியைத் திறந்து சக்கையைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து மாதிரி வருவதற்கு முன்பே, அது அபாயக் கழிவு வகையில் சேருமா, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி தேவையா என்பதைக் கேட்டு முடித்துவிடுங்கள். பாசல் உடன்படிக்கையில் சிங்கப்பூரும் இருக்கிறது. துறைமுகத்தில் வாளி நின்றபிறகு ஓடுவதில் பயனில்லை.

வாளியின் அடியில் கனமான துகள்களும் மேலே நுண்மாவும் பிரிந்து நிற்கும். அப்படியே மேலிருந்து அள்ளினால் கணக்கெல்லாம் பொய். முழுவதையும் கொட்டிக் கிளறி ஒரு சீராக்கிய பிறகே எடுங்கள். துகள் அளவைச் சோதியுங்கள்: 20 மைக்ரானுக்கும் நுண்ணியவை குறைந்தது 15 விழுக்காடு இருந்தால்தான் பேஸ்ட் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குழாயில் வழுக்கிப் போகும். இல்லாவிட்டால் தண்ணீர் தனியே, மணல் தனியே பிரிந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது கந்தகம். ஒரு தட்டில் கொஞ்சம் சக்கையை ஈரமாகப் பரப்பி ஜன்னலோரம் வையுங்கள். சில நாளில் துருநிறம் படர்ந்தால் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ரசாயனச் சோதனை அதை உறுதிசெய்யும். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு சுரங்கத்துக்கு நன்றாக வந்த கலவையை அப்படியே எடுத்து வேறொரு சுரங்கத்தின் சக்கைக்குப் போட்டேன். பெரும்பகுதி சிமெண்ட் உள்ள கலவை அது. 28ஆம் நாள் வலிமை அருமையாக இருந்தது, அறிக்கையும் போய்விட்டது. 90ஆம் நாளுக்கென்று வைத்திருந்த உருளைகளை எடுத்தபோது விளிம்பெல்லாம் மயிரிழை வெடிப்பு. ஒன்றைக் கையில் எடுத்ததும் முனை உதிர்ந்தது. பைரைட் காற்றுப்பட்டுச் சல்ஃபேட்டாகி, அது சிமெண்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகங்களாக உள்ளே வளர்ந்து, இறுகியிருந்த கல்லைப் பிளந்திருந்தது. அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்ற நாளை நான் மறக்கவில்லை. ஒரு சுரங்கத்தின் கலவை அந்தச் சுரங்கத்துக்கு மட்டும்தான். இதைத்தான் நான் யாரிடமும் முதலில் சொல்வேன், கடைசியிலும் சொல்வேன்.

தண்ணீரும் சுரங்கத்துடையதாக இருக்கவேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்நீர் குடிப்பதற்கு அருமையானது. நம் சோதனைக்கு உதவாது. சுரங்கத்தில் உப்புக் கரிக்கும் நீரிலேயே கலவை போடப்போகிறார்கள் என்றால் நாமும் அதே நீரில்தான் போடவேண்டும்.

இரண்டாம் படி: கழிவுகளின் குணம்

இதில் நிறைய நேரம் செலவிடுங்கள்.

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உள்சுவரைக் கவனித்திருக்கிறீர்களா? இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம். மதராஸ் சுண்ணம் என்னும் பூச்சு அதன் சுவரில் ஏறியது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தார்கள். அழகான பூச்சுதான். ஆனால் வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான் கல்லாகிறது. 40 மீட்டர் ஆழமுள்ள சேற்றுக்குள் காற்று எங்கே போகும்? அதே சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளைச் சேர்த்தால் கதை மாறுகிறது. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்கள். அது காற்றில்லாமல், தண்ணீருக்குள்ளேயே இறுகும். தூளிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடிப் பசையாகின்றன. நம் கழிவுப் பிணைப்பான்கள் அனைத்தும் இந்தச் சுர்க்கியின் உறவினர்கள்தான்.

இவற்றில் மூத்தது இரும்பு உலைக்கசடு. உலையில் ஏறத்தாழ 1,500 டிகிரியில் உருகி ஓடும் கசடைச் சட்டென்று தண்ணீரில் பாய்ச்சினால் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடி மணலாகிவிடும். அந்தக் கண்ணாடித் தன்மைதான் அதன் உயிர். மெல்ல ஆறவிட்ட கசடு வெறும் ஜல்லி. அதை எவ்வளவு அரைத்தாலும் பிணைக்காது. நல்ல கசடுத்தூள் வெளிறிய வெள்ளையாக, முகப்பவுடர்போல இருக்கும். சிங்கப்பூரில் இரும்பு உலையும் இல்லை, சிமெண்ட் சூளையும் இல்லை, எல்லாம் கப்பலில்தான் வருகிறது. கசடு தானாக எழாது, அதைத் தட்டியெழுப்ப ஒரு காரப்பொருள் வேண்டும். சிறிதளவு சிமெண்ட் போதும். கசடு 80, சிமெண்ட் 20 என்ற விகிதம் கனடாவில் நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. கந்தகம் உள்ள சக்கைக்கும் தனிச் சிமெண்டைவிட இது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

நிலக்கரி ஆலையின் உலர் சாம்பலை எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். நுண்ணோக்கியில் அது குட்டிக் குட்டிக் கோலிகளாகத் தெரியும். அதனால் பேஸ்ட் குழாயில் உருண்டோடும். ஆனால் மந்தமானது, வலிமை வாரக்கணக்கில், மாதக்கணக்கில்தான் ஏறும். கறுப்பு அதிகமாக இருந்தால் எரியாத கரி இருக்கிறது என்று பொருள், ஒதுக்கிவிடுங்கள்.

உர ஆலையில் குவியும் பாஸ்போஜிப்சம், அசெட்டிலின் வாயு தயாரிக்கும் இடத்தில் மிஞ்சும் கார்பைடு சுண்ணாம்பு ஆகிய இரண்டும் கசடைத் தட்டியெழுப்பப் பயன்படும். கசடு 80 முதல் 85, ஜிப்சம் 10 முதல் 15, மீதி சிறிதளவு சிமெண்ட் என்று சேர்த்தால் மிகைச்சல்ஃபேட் சிமெண்ட் கிடைக்கும், கிட்டத்தட்ட முழுவதும் கழிவிலிருந்தே. பாஸ்போஜிப்சத்தில் அமிலமும் ஃபுளோரைடும் ஒட்டியிருந்தால் இறுகுவது தாமதமாகும், கழுவிப் பயன்படுத்துங்கள். எஃகு உலைக்கசடு வேறு சாதி: அதில் தனிச் சுண்ணாம்பு பதுங்கியிருந்து பிறகு ஊதும். பழுக்கவைக்காமல் தொடவேண்டாம். கப்பல் பட்டறையில் துருநீக்க அடித்துத் தீர்ந்த செப்புக்கசடு இங்கே ஏராளம். அது நல்ல மணல், மோசமான பிணைப்பான்.

நம் ஊர்க் கழிவென்றால் குப்பை எரிசாம்பல்தான். எரித்தால் குப்பையின் கன அளவு 90 விழுக்காடு குறைகிறது. மிஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த நிரப்பிடம் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. ஆகவே இந்தச் சாம்பலைப் பயன்படுத்தவேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லாருக்கும் உண்டு. நான் முதல்முறை அதைக் கசடோடும் காரத்தோடும் கலந்து அச்சில் ஊற்றி மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால், இட்லி மாவு புளித்து எழும்பியதைப்போல ஒவ்வோர் அச்சிலும் கலவை ஒரு விரற்கடை பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆப்பத்தின் கண்கள். பான டப்பாக்களின் அலுமினியம் காரத்தில் கரைந்து ஹைட்ரஜன் வாயுவை விட்டிருக்கிறது. தீப்பிடிக்கும் வாயு அது. ஆகவே சாம்பலை முதலில் உலோகம் பிரித்து, சில வாரம் ஈரத்தில் பழுக்கவைத்து, ஒரு கைப்பிடியைக் காரநீரில் போட்டுக் குமிழி அடங்குகிறதா என்று பார்த்த பிறகே கலவைக்கு எடுங்கள். அந்தச் சோதனைக் குப்பியை இறுக மூடவே கூடாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

மூன்றாம் படி: கலவை

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 10 கிலோ கலவை, 75 விழுக்காடு திடப்பொருள், அதில் 5 விழுக்காடு பிணைப்பான்:

திடப்பொருள் 7,500 கிராம். பிணைப்பான் 375 கிராம். 80க்கு 20 என்றால் கசடு 300, சிமெண்ட் 75. உலர்ந்த சக்கை 7,125. தண்ணீர் 2,500.

சக்கை ஈரமாகத்தான் இருக்கும். உலர்ந்த எடையில் 20 விழுக்காடு ஈரம் என்றால், 8,550 கிராம் ஈரச் சக்கையை எடுக்கவேண்டும். அதிலேயே 1,425 கிராம் தண்ணீர் வந்துவிட்டது, நாம் ஊற்றவேண்டியது 1,075 மட்டும். இந்தக் கழித்தலை மறந்துதான் பாதிக் கலவைகள் கெடுகின்றன. இன்னொன்று: 5 விழுக்காடு என்பது மொத்தத் திடப்பொருளிலா, உலர்ந்த சக்கையிலா என்பதை அறிக்கையில் எழுதுங்கள். சுரங்கத்துக்குச் சுரங்கம் வழக்கம் மாறும்.

கையுறை, கண்ணாடி, தூசிமுகமூடி இல்லாமல் பையைப் பிரிக்காதீர்கள். காரப்பொருளாகக் காஸ்டிக் சோடா எடுத்தால் அதைத் தண்ணீரில் மெல்லப் போடுங்கள். அதன்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் வேறெதையும் யோசிக்காமல் 15 நிமிடமாவது நீரில் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஆளனுப்புங்கள்.

ஸ்லம்ப், அதாவது கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும்போது, 300 மில்லிமீட்டர் உயரமுள்ள கான்கிரீட் கூம்புக்கு 5.5 லிட்டர் வேண்டும். நம் 10 கிலோ அதற்குப் போதாது. தனியாகப் பெரிய கலவை போடுங்கள். 150 முதல் 250 மில்லிமீட்டர் வரை இறங்கினால் வழக்கமான எல்லைக்குள் இருக்கிறது. கரணையால் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள்: கோடு மெல்ல மூடிக்கொள்ளவேண்டும், கோட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. எந்தக் கருவிக்கும் முன்னால் என் கண் நம்புவது இந்தக் கோட்டைத்தான்.

நான்காம் படி: காத்திருப்பது

50 மில்லிமீட்டர் விட்டம், 100 உயரம் உள்ள உருளைகளில் ஊற்றி, தட்டிக் காற்றை வெளியேற்றி, மூடி, ஈரம் 90 விழுக்காட்டுக்குக் குறையாத அறையில் வையுங்கள். 3, 7, 28, 56, 90 நாள்களுக்கு மும்மூன்றாக 15 உருளை.

சிங்கப்பூரில் ஒரு கண்ணி இருக்கிறது. குளிரூட்டி இல்லாத அலமாரியில் உருளைகளை விட்டால் 30 டிகிரிச் சூட்டில் கசடு சுறுசுறுப்பாக வேலை செய்து, 7ஆம் நாளிலேயே கண்ணைப் பறிக்கும் வலிமையைக் காட்டும். குளிர்ந்த பாறையுள்ள சுரங்கத்தில் அதே கலவை 7ஆம் நாள் சேறாகவே இருக்கலாம். அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் அடுத்த வெடியை வைக்கிறார். ஆகவே அந்தச் சுரங்கத்தின் பாறைச் சூடு எவ்வளவு என்று கேட்டு, அதே சூட்டில் பெட்டியை வையுங்கள்.

உடைக்கும்போது கான்கிரீட் அமுக்கும் பெரிய இயந்திரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் உருளை 1 மெகாபாஸ்கலில் உடைந்தால் அது தாங்கியது வெறும் 200 கிலோ எடை. பெரிய இயந்திரத்தின் முள் அசைவதற்குள் உருளை நொறுங்கிவிடும். சிறிய மண் சோதனைச் சட்டகம் போதும். இரு முனைகளும் மட்டமாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கரைவதும் கைமாறுவதும்

கழிவில் ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கலாம். இறுகிய உருளையை நொறுக்கிக் கரைசலில் குலுக்கி, என்னென்ன கசிகிறது என்று பார்த்து, அந்தந்த நாட்டு வரம்போடு ஒப்பிடுங்கள். வலிமை எவ்வளவு நன்றாக வந்தாலும் இதில் தோற்றால் கலவை தோற்றது. நிலத்தடி நீரை நாளைக்கு யாரோ குடிக்கப்போகிறார்கள்.

சுரங்கத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஆரம்ப வலிமையைத் தனியாகக் காட்டுங்கள். குடைவின் வாயில் தடுப்புச்சுவர் எழுப்பி, அடியில் சில மீட்டருக்கு முதலில் ஊற்றி, அது இறுகியபின்தான் மேலே நிரப்புவார்கள். இறுகுமுன் ஊற்றினால் முழு எடையும் தடுப்புச்சுவர்மேல் விழும், அது உடைந்தால் சேறு சுரங்கப்பாதையில் பாயும். மந்தமான கழிவுக் கலவை என்றால் அடிப்பகுதிக்கு மட்டும் பிணைப்பானைக் கூட்டச் சொல்லி எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பயன்படுத்திய ஒவ்வொரு கசடிலும் சாம்பலிலும் ஒரு கிலோவை எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, எந்த ஆலை, எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று மூடியிலும் பக்கத்திலும் எழுதிவையுங்கள். குப்பை எரிசாம்பலுக்கு மட்டும் மூடியில் ஒரு சிறு துளை போடுங்கள். கழிவு மாதத்துக்கு மாதம் மாறும். அடுத்த ஆண்டு சுரங்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, இந்த முறை இறுகவில்லையே என்று கேட்கும்போது, நீங்கள் எழுந்துபோய்த் திறக்கவேண்டியது அந்த டப்பாவைத்தான்.